முதுமைக் கண்ணும் மின்சார வைத்தியமும்

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு மருத்துவச் செய்தி பல நாட்டுப் பத்திரிகைகளில் இடம் பெற்றது. முதுமை காரணமாக நடுப்பார்வையை இழந்த 38 பேருக்கு, ஐரோப்பாவில், கண்ணுக்குள் ஒரு சின்னஞ்சிறு மின்சாரத் தகடு பொருத்தப்பட்டது. ஓராண்டு கழித்துச் சோதிக்க முடிந்தவர்கள் 32 பேர். அவர்களில் 26 பேருடைய பார்வை சொல்லத்தக்க அளவு முன்னேறியிருந்தது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்ற மதிப்பு வாய்ந்த மருத்துவ ஏடு இந்த முடிவை வெளியிட்டது. ஆகவே இதை வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இப்படிப்பட்ட செய்தி வாய்க்கு வாய் மாறும்போது சுருங்கிப் போகிறது. "கண்ணுக்குக் கரண்ட் வைத்தால் பார்வை திரும்பி விடுகிறதாம்" என்பதுதான் கடைசியில் மிஞ்சுகிறது. திருநெல்வேலிச் சீமையில் தகப்பனாரை விட்டுவிட்டு தாராவியிலோ, பாண்டூப்பிலோ, அம்பர்நாத்திலோ பிழைக்க வந்த மகன் அதைக் கேள்விப்படுகிறான். அப்பாவுக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை, பேப்பர் படிக்க முடியவில்லை என்று ஊரிலிருந்து போன் வருகிறது. கூட இருந்து கவனிக்க முடியவில்லையே என்ற உறுத்தல் வேறு. பி.எப். முன்பணம், சீட்டுப் பணம், சொசைட்டிக் கடன் என்று எதையாவது புரட்டி, "பத்து சிட்டிங், கண்ணுக்கு மின்சார சிகிச்சை" என்று விளம்பரம் செய்பவரிடம் கட்டத் துணிகிறான். அவன் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

நோய் எது?

வயதானவர்களின் பார்வை மங்கினாலே 'புரை' என்று சொல்வது வழக்கம். புரை என்றால் கண்ணின் வில்லை மங்குவது. ஆபரேஷன் செய்து வேறு வில்லை வைத்தால் தீர்ந்தது. இங்கே பேசப்படும் நோய் வேறு. காமிராவுக்கு பிலிம் எப்படியோ, கண்ணுக்கு விழித்திரை அப்படி. அந்தத் திரையின் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடம் இருக்கிறது. அதற்கு 'மேக்குலா' என்று பெயர். படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகம் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. வயதானபின் சிலருக்கு அந்த இடம் நைந்து போகிறது. நடுவில் கறை படிந்ததுபோல் ஆகிவிடும். ஓரங்கள் தெரிந்துகொண்டே இருக்கும். முழு இருட்டு வருவதில்லை. ஆனால் எழுதப் படிக்கும் பார்வை போய்விடும்.

இதில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலோருக்கு வருவது உலர் வகை. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல முற்றும். சிறு பங்கினருக்கு வருவது ஈர வகை. விழித்திரைக்கு அடியில் தகாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். ஈர வகைக்கு 2004 முதல் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து இருக்கிறது. உலர் வகையில் இழந்த பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. மின்சார வைத்தியம் குறி வைப்பது இந்த உலர் வகைக்காரர்களைத்தான்.

ஒரே பெயரில் மூன்று சரக்கு

'கண்ணுக்கு மின்சாரம்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, ஐரோப்பியச் செய்தியில் வந்த தகடு. 2 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம். அதில் 378 ஒளிக்கட்டங்கள். இதை ஆபரேஷன் செய்து விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். காமிரா பொருத்திய கண்ணாடி ஒன்று காட்சியை அகச்சிவப்பு ஒளியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. தகடு அதை மின்சாரமாக்கி, உயிரோடிருக்கும் நரம்பணுக்களுக்குக் கொடுக்கிறது. செத்துப்போன அணுக்களின் வேலையை இயந்திரம் செய்கிறது என்று சொல்லலாம். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் பார்வை. அதைக் கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். 38 பேரில் 19 பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் வந்தன; பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாயின. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நோயைக் குணமாக்கும் வைத்தியம் என்று இதைச் செய்தவர்களே சொல்லவில்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து கொடுக்கும் மெல்லிய மின்சாரம். கருவிழி மேலோ, மூடிய இமை மேலோ மின்முனையை வைத்து, மிகச் சிறிய அளவு மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். இதற்கும் ஓர் அறிவியல் அடிப்படை உண்டு. ஜப்பானில் எலிகளின் பார்வை நரம்பை வெட்டிவிட்டு இவ்வாறு மின்சாரம் கொடுத்தபோது, சாக வேண்டிய அணுக்களில் ஒரு பகுதி பிழைத்தது. அணுக்களைக் காக்கும் ஒரு வளர்ச்சிப் பொருள் கண்ணுக்குள் கூடுதலாகச் சுரந்ததாக 2005-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஜெர்மனியில் இதற்கென ஒரு கருவியே செய்து, ஐரோப்பிய முத்திரையும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அது 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்ற பரம்பரை நோய்க்காகச் செய்யப்பட்டது. அந்த நோய் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். முதுமை நோயோ நடுவிலேயே தொடங்குகிறது. முதுமை நோய்க்கு இதைச் சிறு சிறு கூட்டங்களில் சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் சிலருக்குச் சில எழுத்துகள் கூடுதலாகத் தெரிந்தன. அந்தப் பலன் நிலைக்குமா, எல்லோருக்கும் கிட்டுமா என்பது பெரிய சோதனைகளில் உறுதியாகவில்லை.

மூன்றாவது, விளம்பரச் சரக்கு. இரண்டாவதின் பெயரையும் முதலாவதின் புகழையும் கடன் வாங்கிக்கொண்டு, சிட்டிங்குக்கு இவ்வளவு, வீட்டுக் கருவிக்கு இவ்வளவு என்று விற்பது. இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது பெரும்பாலும் 'பலன் பெற்றவர்' ஒருவருடைய வாக்குமூலம்.

மின்னல் வேறு, பார்வை வேறு

மின்சாரம் பட்டால் கண்ணுக்குள் ஒளி தெரியும். இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1755-லேயே சார்லஸ் லெ ராய் என்ற பிரெஞ்சு மருத்துவர், பார்வையற்ற ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சினார். நோயாளிக்குத் தீக்கொழுந்துபோல் வெளிச்சம் தெரிந்தது. பார்வை மட்டும் வரவில்லை. நரம்பைத் தட்டினால் மின்னல் தெரியும். அதைக் கொண்டு நரம்பு குணமாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. சிகிச்சையின்போது "அப்பாவுக்கு வெளிச்சம் தெரிகிறது" என்று வீட்டார் மகிழும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

"சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வரி கூடுதலாகப் படித்தாரே, அது பொய்யா?" என்று கேட்கலாம். பொய்யல்ல. ஆனால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். எழுத்துப் பலகையை நாலாவது முறை பார்ப்பவர் முதல் முறையைவிட நன்றாகப் படிப்பார். நடுவில் கறை உள்ளவர் கண்ணைச் சற்றுத் திருப்பி ஓரத்தால் பார்க்கத் தானாகவே பழகிக்கொள்வார். இந்த நோயில் நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. பணம் கட்டி வந்தவர் முயன்று படிப்பார். அன்போடு பேசி ஊக்கப்படுத்தும் டாக்டரிடம் இன்னும் முயன்று படிப்பார்.

ஆகவேதான் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எதிர்த்தரப்பு வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல பாடம். உலர் வகை நோயில் விழித்திரையில் மஞ்சள் திட்டுகள் படியும். மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அந்தத் திட்டுகள் மறைவதைக் கண்டார்கள். திட்டு மறைந்தால் பார்வை காப்பாற்றப்படும் என்று நினைப்பது இயல்பே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் கொடுத்து, மறு கண்ணைச் சும்மா விட்டார்கள். ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தால், கணிசமாகப் பார்வை இழந்த கண்கள் லேசர் பட்ட தரப்பில் நூற்றுக்குச் சுமார் 20. படாத தரப்பிலும் அதே 20. முடிவு 2006-ல் வெளியாயிற்று. மறு கண்ணை ஒப்பிடாமல் விட்டிருந்தால், திட்டுகள் மறைந்ததைக் காட்டியே இன்றுவரை அந்த லேசரை விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஓர் உதாரணம். உலர் வகை முற்றிய நிலையில் போடும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அவை நோய் பரவும் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. போன பார்வையைத் தருவதில்லை. அவற்றில் ஒன்றுக்கு ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2024-ல் அனுமதி மறுத்தது. விழித்திரைப் படத்தில் புண் மெதுவாகப் பரவியது தெரிந்தது. ஆனால் நோயாளியின் அன்றாட வாழ்க்கைக்கு அதனால் தெளிவான பயன் இல்லை என்பது அவர்கள் வாதம். பல நூறு பேரிடம் சோதிக்கப்பட்ட மருந்துக்கே இந்தக் கெடுபிடி. பத்து, இருபது பேர் கணக்கைக் காட்டும் கருவிக்கு மட்டும் ஏன் சலுகை?

"முயன்று பார்த்தால் என்ன நஷ்டம்?"

எல்லா வாதங்களுக்கும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். வேறு வழி இல்லாதவன் ஒரு வழியை முயன்று பார்த்தால் என்ன குடி முழுகிப் போகும்? நியாயமான கேள்வி; நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

மெல்லிய மின்சாரம் பெரும் அபாயம் விளைவிப்பதாகத் தெரியவில்லை. கண் எரிச்சல், உலர்ச்சி போன்றவை வரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் கிட்டவே போகக் கூடாது. ஆனால் பெரிய நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. உலர் வகை எந்த நேரமும் ஈர வகையாக மாறலாம். அப்போது சில வாரங்களுக்குள் ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. "மின்சார சிகிச்சை நடக்கிறது, மெதுவாகத்தான் பலன் தெரியும்" என்று காத்திருப்பவர் அந்த வாரங்களை இழந்துவிடுவார். ஊசிக்கு வேண்டிய பணமும் சிட்டிங்கில் கரைந்திருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் 'ஆராய்ச்சி' எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததைச் சொல்லலாம். 72 வயது முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள், இதே மேக்குலா நோய்க்காக, தலைக்கு 5,000 டாலர் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் கண்ணுக்குள் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு கண்களிலும் ஒரே நாளில் போட்டார்கள். இருந்த பார்வையும் பெரும்பாலும் போயிற்று. அந்தச் சிகிச்சை அரசின் ஆராய்ச்சிப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருந்தது. 2017-ல் வேறு டாக்டர்கள் எழுதித்தான் உலகுக்குத் தெரிந்தது. மின்சாரமும் ஸ்டெம் செல்லும் ஒன்றல்ல. விற்பனை முறை மட்டும் ஒன்றே.

கருவியை உடம்புக்குள் வைத்தால் வேறொரு கவலையும் உண்டு. 'ஆர்கஸ்' என்ற விழித்திரைக் கருவிக்கு அமெரிக்கா 2013-ல் அனுமதி தந்தது. உலகெங்கும் சுமார் 350 பேர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் கம்பெனி அந்தக் கருவியைக் கைவிட்டது. பழுது பார்க்க ஆளின்றி, கண்ணுக்குள் பயனற்ற கருவியோடு பலர் தனித்து விடப்பட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தியாவில் இதற்குச் சட்டமும் விதிகளும் இருக்கின்றன. குருட்டுத்தன்மையைக் குணமாக்குவதாக மருந்தையோ மந்திர வைத்தியத்தையோ விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மருத்துவக் கருவிகள் எல்லாம் 2020 முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மனிதர்களிடம் நடத்தும் மருத்துவச் சோதனைகளை 2009 முதல் அகில இந்தியப் பதிவேட்டில் பதிய வேண்டும். சோதனைக்கான செலவை அதில் பங்கேற்பவரிடம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

ஆகவே சாமானியனும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை: இது நிரூபணமான சிகிச்சையா, சோதனையா? சோதனை என்றால் பணம் எதற்கு? பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே? மின்சாரம் கொடுக்காத தரப்பும் இருக்கிறதா? கெடுதல் நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார்? சோதனை முடிந்தபின் கண்ணைத் தொடர்ந்து பார்ப்பவர் யார்? பதிவு எண் இருப்பதாலேயே பலன் நிச்சயம் என்று ஆகிவிடாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் பணம் கட்டாமல் திரும்பி வருவதே நல்லது. மாறாக, பணம் வாங்காமல், முறைப்படி நடக்கும் சோதனை ஒன்று வந்தால், தாராளமாகச் சேரலாம். அப்படிச் சேருபவர்களால்தான் மருத்துவம் வளர்கிறது.

இன்றைக்குக் கையில் இருப்பவை

உலர் வகை நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வைட்டமின், துத்தநாகக் கூட்டு மாத்திரை உண்டு. 2001-ல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில், நோய் முற்றக்கூடிய நிலையிலிருந்தவர்களில் வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு ஐந்தாண்டில் நோய் முற்றியது. இந்த மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 20 பேருக்கு முற்றியது. எட்டுப் பேர் தப்பினார்கள். சிறிய லாபம்தான், ஆனால் நிரூபணமான லாபம். புகை பிடிப்பவர்களும் பிடித்து விட்டவர்களும் பீட்டா கரோட்டின் இல்லாத மாத்திரையையே கேட்டு வாங்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் இந்த நோயை வளர்ப்பவை. அவற்றை விடுவதற்குச் செலவே இல்லை.

ஈர வகை ஊசிகளில் விலை மலிவானதும் உண்டு. புற்றுநோய்க்கென வந்த பெவசிஸுமாப் என்ற மருந்து, விலை உயர்ந்த ஊசிக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 2011-ல் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டில் தெரிந்தது. டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் இல்லை. ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, அங்கே சிகிச்சை பெற உரிமை உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியும், 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கி இன்று பல ஊர்களில் பரவியுள்ள அரவிந்த் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, காலண்டரின் கட்டங்களையோ ஜன்னல் கம்பிகளையோ பார்க்க வேண்டும். பிறகு மறு கண்ணால் பார்க்க வேண்டும். நேர்க்கோடு திடீரென்று வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், அந்த வாரமே கண் டாக்டரிடம் போக வேண்டும். வாரம் ஒருமுறை ஊருக்குப் போன் செய்யும் மகன், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு, "ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா அப்பா?" என்றும் கேட்கலாம்.

விளம்பரக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. "உலர் வகை, ஒன்றும் செய்வதற்கில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடும் ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வார்த்தையைக் கேட்டு வெளியே வரும் கிழவருக்கு, "செய்வதற்கு உண்டு" என்று சொல்பவர் தெய்வமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. செய்வதற்கு நிறைய இருக்கிறது. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி, மேசைக்கு அருகில் பிரகாசமான விளக்கு, ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சி, எழுத்தைப் பெரிதாக்கியும் வாசித்தும் காட்டும் செல்போன் ஆகியவை இருக்கும் பார்வையைப் பயன்படுத்த உதவுகின்றன. குறைந்த பார்வையை 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த உதவிக்கான பிரிவு ஒவ்வொரு மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். 1954-ம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டில் வைத்துவிடாமல் செயல்படுத்த வேண்டும். மின்சார சிகிச்சையைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளே முறையாக, இலவசமாகச் சோதித்து முடிவைச் சொன்னால், மக்கள் ஊகத்தை நம்பிக் கடன் வாங்கும் நிலை குறையும்.

மின்சாரம் ஒரு நாள் முதிய கண்ணுக்கு உண்மையாகவே உதவக்கூடும். அந்த நாள் வந்தால் முதலில் சொல்ல வேண்டியவர்கள், ஒப்பிட்டுச் சோதித்த டாக்டர்கள். அதுவரை, வியர்வை சிந்தி அனுப்பும் பணம் ஊசிக்கும், மாத்திரைக்கும், கண்ணாடிக்கும், ஊருக்குப் போய்வரும் ரயில் டிக்கெட்டுக்கும் ஆகட்டும். அப்பாவின் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை அழைத்துப் போய் வருவது, பத்து சிட்டிங்கைவிட அவருக்கு அதிகம் பயன்படும்.